கைநாட்டுக்காரர்களின் காலண்டர்

போன பங்குனியில் ஒரே வாரத்தில் முப்பத்திரண்டு சாகுரா பூ செதுக்கினேன். சாகுராவை நான் நேரில் பார்த்ததே இல்லை. பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். பங்குனியில் எங்கள் தெருவில் உதிர்வது புங்கம்பூ. பொரி கொட்டிய மாதிரி தரையெல்லாம் கிடக்கும். அதை மிதித்துக்கொண்டு கடைக்குப் போய் ரப்பர் வாங்கிவந்து, ஜப்பானில் பூக்கிற பூவைச் செதுக்கிக்கொண்டிருந்தேன்.

ரப்பர் என்றால் பென்சில் அழிக்கிற ரப்பர்தான். 2020 ஊரடங்கில் வீடியோ பார்த்துப் பழகிக்கொண்டது. படத்தை மெல்லிய தாளில் பென்சிலால் வரைந்து, தாளைக் கவிழ்த்து ரப்பர்மேல் வைத்து நகத்தால் தேய்த்தால் படம் தலைகீழாக இறங்கிவிடும். பிறகு கோட்டை விட்டுவிட்டு மற்றதைக் கட்டரால் எடுக்க வேண்டும். கத்தியை வெளிப்பக்கமாகச் சாய்த்துப் பிடிப்பதில்தான் சூட்சுமம். உள்பக்கம் சாய்ந்தால் கோட்டுக்கு அடியில் குடைந்துவிடும். நாலு தடவை மையில் ஒற்றி அழுத்துவதற்குள் விளிம்பு பிய்ந்து வரும். ஜப்பானில் இதற்குக் ‘கேஷிகோமு ஹான்கோ’ என்று பெயர். அழிரப்பர் முத்திரை. வசந்தத்துக்கு சாகுரா, கோடைக்கு மின்மினி, இலையுதிர் காலத்துக்கு நிலாவும் முயலும், பனிக்குக் கமேலியா என்று பருவத்துக்கொரு முத்திரை செதுக்கி, கடிதத்திலும் உறையிலும் குத்தி அனுப்புகிறார்கள். நானும் அதே வரிசையில் செதுக்கிக்கொண்டிருந்தேன்.

ஆயா ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரு முத்திரையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துச்சு.

“என்னா பாப்பா இது, ஓட்டு குத்தறதா?”

“இல்ல ஆயா. பூ. சும்மா அழகுக்கு.”

மையில் ஒற்றித் தாளில் வைத்துக் காட்டினேன். ஆயா கிட்டத்தில் வைத்துப் பார்த்துச்சு. “பருத்திப்பூவா?”

ஐந்து இதழ். பருத்திக்கும் ஐந்துதான். நான் சிரித்துவிட்டு, ஜப்பான் பூ என்று சொல்லிவிட்டு அடுத்த ரப்பரை எடுத்துக்கொண்டேன்.

அந்த வார வெள்ளிக்கிழமை ஆயா பின்கட்டுத் தொட்டியருகே தலைசுற்றி விழுந்துச்சு. இடது மணிக்கட்டில் எலும்பு விட்டுப்போயிற்று. விசாரித்தால், காலையில் போட வேண்டிய ரத்தக்கொதிப்பு மாத்திரையை ராத்திரியும் போட்டிருக்கிறது. இரண்டு நாளாகவே அப்படித்தான். இரண்டு மாத்திரையும் வெள்ளை, இரண்டும் சின்னது. உறைமேல் பேனாவால் ஒன்றில் 1-0-0 என்றும் இன்னொன்றில் 0-0-1 என்றும் எழுதியிருந்தது. எங்கள் வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருத்தி பக்கத்து அறையில் பூ செதுக்கிக்கொண்டிருந்தாள்.

ஆயாவுக்கு எழுத்து தெரியாது. ஆயா மட்டும் விதிவிலக்கு இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் எங்கள் தர்மபுரிதான். மாநிலத்தில் 80 விழுக்காடு, இங்கே 68.5.

கட்டுப்போட்ட கையோடு ஆயா கட்டிலில் கிடந்த ராத்திரிகளில் எனக்குக் கத்தியைத் தொடப் பிடிக்கவில்லை. அதற்குப் பதிலாக, நான் செய்துகொண்டிருந்த இந்த வேலை எங்கிருந்து வந்தது, யாருக்காக வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் கிடைத்தது கிழங்கு. ‘இமோபான்’ என்றால் கிழங்கு அச்சு. சர்க்கரைவள்ளியையோ உருளைக்கிழங்கையோ குறுக்கே வெட்டி, முகத்தில் படம் செதுக்கி மையில் ஒற்றுவது. நம் பள்ளிக்கூடங்களில் வெண்டைக்காயை வெட்டிப் பூ போடுவோமே, அதன் அண்ணன். ஜப்பானில் டிசம்பர் வந்தால் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து கிழங்கு செதுக்குவார்கள். புத்தாண்டு வாழ்த்து அட்டைக்கு. வருகிற ஆண்டு எலியா, மாடா, புலியா என்று பன்னிரண்டு விலங்குகளில் அந்த வருஷத்துக்குரியதைக் குத்தி, உறவு, நட்பு, வாத்தியார், முதலாளி எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். ஜனவரி முதல் நாள் காலையில் தபால்காரர் மொத்தமாகக் கொண்டுவந்து போடுவார். போருக்குப் பிறகு 1949 டிசம்பரில் அந்த அட்டையிலேயே லாட்டரி எண் அச்சிட்டு விற்க ஆரம்பித்தார்கள். யோசனை சொன்னவர் ஹயாஷி மசாஜி என்ற ஒசாகாக்காரர். அரசு அதிகாரி இல்லை, சாதாரணக் குடிமகன். 2004 புத்தாண்டுக்கு ஏறத்தாழ 446 கோடி அட்டை அச்சானது. நாட்டின் மொத்த மக்கள்தொகையே 13 கோடிக்குள். 2025-க்கு அது 107 கோடியாக இறங்கிவிட்டது. என் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு பொங்கல் வாழ்த்து இருக்கிறது. கடைசி அட்டை 2003-ஆம் வருஷத்தது. அதனால் இந்த இறக்கத்தை யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

கிழங்கு அழுகும். ரப்பர் அழுகாது. அழிரப்பர் முத்திரையை ஊரறியச் செய்தவர்களில் முக்கியமானவர் நான்சி செக்கி. 1962-இல் ஜப்பானின் வடக்கே அவோமோரியில் பிறந்தவர். டி.வி.யைப் பற்றிப் பத்தி எழுதுவார். பத்திக்குப் படமாக, தான் கிழிக்கப்போகிற பிரபலத்தின் முகத்தை ரப்பரில் செதுக்கி ஒற்றுவார். பூவும் இல்லை, நிலாவும் இல்லை. நாற்பது வயதுகூட ஆகாமல் 2002-இல் இறந்துபோனார். என்னை மாதிரிப் பூ செதுக்குகிறவர்கள் எல்லோரும் ஒருவிதத்தில் அவருடைய வாரிசுகள்தான். அவர் ஒத்துக்கொண்டிருப்பாரா என்பது வேறு விஷயம்.

சரி, அந்தப் பூவும் நிலாவும் எங்கிருந்து வந்தன? பருவத்தை இப்படி நறுக்கி நறுக்கிப் பார்க்கிற பழக்கம் ஜப்பானுக்கு சீனாவிலிருந்து வந்தது. வருஷத்தை 24 கூறாக்கி, ஒவ்வொரு கூற்றையும் மூன்றாக்கி, மொத்தம் 72 சிறு பருவங்கள். ஒவ்வொன்றும் ஐந்து நாள் சொச்சம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்: பீச் மரம் முதல் பூ விடுகிறது, இடையன்பூச்சி முட்டையிலிருந்து வெளிவருகிறது, மக்கிய புல் மின்மினியாகிறது, இப்படி. ஆனால் அவை சீனத்தின் மஞ்சள் ஆற்றங்கரைப் பருவங்கள். ஜப்பான் 862-இலிருந்து எண்ணூறு வருஷத்துக்கும் மேலாக ஒரே சீனப் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டிருந்தது. கணக்கு இரண்டு நாள் பிசகிவிட்டது. 1685-இல் ஷிபுகாவா ஷுன்காய் என்ற வானியலாளர் தன் நாட்டு வானத்தைப் பார்த்துப் புதுப் பஞ்சாங்கம் போட்டார். கூடவே அந்த 72 பெயர்களையும் எடுத்துத் திருத்தினார். நீர்நாய் மீனைப் பிடித்துப் படையல் வைக்கிற நாட்கள் என்று சீனப் பட்டியலில் ஒன்று உண்டு. அதை அடித்துவிட்டு, மண்ணில் ஈரம் ஊறுகிற நாட்கள் என்று எழுதினார்.

இந்த இடத்தில் நான் கொஞ்சநேரம் நின்றேன். நாம் ‘ஜப்பானியப் பருவ அழகு’ என்று வாயைப் பிளந்து பார்க்கிற ஒன்று, இன்னொரு ஊரின் பருவத்தை இரவல் வாங்கி எண்ணூறு வருஷம் வைத்திருந்து, கடைசியில் தன் மண்ணுக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டது. நான் இரவல் வாங்கி நாலு வருஷம்தான் ஆகிறது.

ஷுன்காய் செய்தது அரசாங்க வேலை. படித்தவர்களுக்கான வேலை. எனக்கு வேண்டிய ஆள் அவருக்கு நூறு வருஷத்துக்குப் பிறகு, வடக்கே ஒரு மலையூரில் இருந்தார்.

இன்றைய இவாத்தே மாநிலத்தில் ஹச்சிமான்தாய் நகராட்சிக்குள் தாயாமா என்று ஓர் ஊர். அன்றைக்கு அது நான்பு ஜமீன். நான்சி செக்கி பிறந்த அவோமோரி, அதற்கு அடுத்த மாநிலம்தான். குளிர்பிரதேசம். கோடையிலும் கடலிலிருந்து குளிர்காற்று புகுந்து நெல்லைப் பதராக்கிவிடும். 1780-களில் அங்கே வந்த தென்மேய் பஞ்சம் ஜப்பான் வரலாற்றின் கொடிய பஞ்சங்களில் ஒன்று. நமக்குத் தாது வருஷம் மாதிரி. அப்படிப்பட்ட ஊரில் எப்போது விதைப்பது, எப்போது உறைபனி நிற்கும் என்பது உயிர்ப்பிரச்சினை. அதைச் சொல்கிற பஞ்சாங்கமோ எழுத்தில் இருந்தது. ஊர்க்காரர்களுக்கு எழுத்து தெரியாது.

அந்த ஊரில் எழுத்து தெரிந்த ஒருவர் – ஸென்பாச்சி என்று மரபு சொல்கிறது – சின்னச் சின்ன மரத்துண்டுகளில் படம் செதுக்கினார். ஒரு துண்டில் ஒரு படம். அந்த முத்திரைகளை ஒவ்வொன்றாக மையில் ஒற்றி, ஒரு தாளில் வரிசையாகக் குத்தி, அந்த வருஷத்துக் காலண்டரைச் செய்தார். அடுத்த வருஷம் அதே முத்திரைகள், வேறு வரிசை. முழுப் பலகையில் செதுக்கி அச்சடிக்கிற பழக்கம் பிற்பாடு பக்கத்து மோரியோகா நகரத்தில் வந்தது. தாயாமாவில் நடந்தது சுத்தமான கைமுத்திரை வேலை. நான் ரப்பரில் செய்கிற அதே வேலை.

படங்களைப் படிக்கிற விதம்தான் அற்புதம். பழைய ஜப்பானியச் சந்திர மாதங்களில் 30 நாள் மாதம் பெரியது, 29 நாள் மாதம் சிறியது. எது எந்த வருஷம் பெரியதாக வரும் என்பது மாறிக்கொண்டே இருக்கும். அதனால் பெரிய மாதத்துக்கு நீண்ட வாள், சிறிய மாதத்துக்குக் குட்டை வாள். இது சுலபம். மற்றவை விடுகதை மாதிரி. ‘எண்பத்தெட்டாம் இரவு’ என்று ஒரு நாள் உண்டு. வசந்தத்தின் தொடக்கத்திலிருந்து எண்ணி வருகிற நாள், மே மாத ஆரம்பத்தில் விழும். அதற்குப்பின் உறைபனி பயம் குறையும், வயல்வேலை தொடங்கலாம். ஜப்பானியத்தில் ‘ஹாச்சி ஜூ ஹாச்சி யா’. ஹாச்சி என்றால் எட்டு, கிண்ணமும் ஹாச்சிதான். ஜூ என்றால் பத்து. அடுக்குப் பாத்திரத்துக்கும் ‘ஜூ’ என்றுதான் தொடக்கம். யா என்றால் இரவு, அம்புக்கும் அதுதான் பெயர். ஆக ஒரு கிண்ணம், ஓர் அடுக்குப் பாத்திரம், மறுபடி ஒரு கிண்ணம், ஓர் அம்பு. படத்தை வரிசையாக வாய்விட்டுச் சொன்னால் நாள் வந்துவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது மழைக்காலத் தொடக்கம். அதற்கு ‘ந்யூபாய்’ என்று பெயர். காலண்டரில் படம் என்ன தெரியுமா? மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற திருடன். ‘நி’ என்றால் சுமை, ‘உபாய்’ என்றால் பறிப்பது. நி-உபாய். மழைக்கும் திருடனுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கிராமத்துக்காரர் படத்தைப் பார்த்து, “சுமை பறிக்கிறான்” என்று சொல்லிப் பார்ப்பார். காதில் மழை விழும்.

கியோத்தோவிலிருந்து கிளம்பி ஊர்ஊராகச் சுற்றிய தாச்சிபானா நான்கேய் என்ற மருத்துவர் 1790-களில் அச்சான தன் பயண நூலில் இந்தக் காலண்டரைப் படத்தோடு எழுதினார். அதற்குப்பிறகு தலைநகரத்துக்காரர்கள் இதை வேடிக்கைப் பொருளாக வாங்க ஆரம்பித்தார்கள். அவர்கள் வைத்த பெயர் ‘மேகுரா கோயோமி’. குருட்டுக் காலண்டர். எழுத்து தெரியாதவனைக் குருடன் என்பது அந்த ஊர் வழக்கமும்தான். இன்று ஜப்பானில் அந்தச் சொல்லைத் தவிர்க்கிறார்கள். ‘படக் காலண்டர்’ என்றே சொல்கிறார்கள். மோரியோகாவில் இன்றைக்கும் வருஷாவருஷம் அச்சாகிறது.

நமக்கும் அப்படி ஒரு சொல் இருக்கிறது. கைநாட்டு. “அவன் கைநாட்டுப்பா” என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆயா ரேஷன் கடையில், சங்கத்தில், நூறுநாள் வேலையில் கட்டைவிரலை மையில் அமுக்கும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளும். சின்னவயதில் நான் அதை மைநாற்றத்துக்காக என்று நினைத்திருந்தேன்.

கட்டைவிரலும் ஒரு முத்திரைதான். அதற்கும் ஒரு ஜப்பான் கதையும் இந்தியக் கதையும் உண்டு. 1858-இல் வங்காளத்தில் ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி, சாலைக்குக் கல் கொண்டுவருவதாக ஒப்பந்தம் போட்ட ராஜ்யதர் கோனாய் என்பவரின் முழு உள்ளங்கையை மையில் ஒற்றிக் காகிதத்தில் பதித்தார். பின்னால் ‘நான் போடவில்லை’ என்று சொல்லாமலிருக்க ஒரு மிரட்டல். அவ்வளவுதான் நோக்கம். பிறகுதான் அந்த ரேகைகளில் அவருக்கு ஆர்வம் பிடித்தது. அதே காலகட்டத்தில் டோக்கியோவில் மருத்துவமனை நடத்திக்கொண்டிருந்த ஹென்றி ஃபால்ட்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர், பழங்கால ஜப்பானிய மண்பாண்டச் சில்லுகளில் குயவரின் விரல்ரேகை பதிந்திருப்பதைப் பார்த்தார். ஒவ்வொரு ரேகையும் ஒவ்வோர் ஆளுக்கு என்ற எண்ணம் அங்கிருந்து வளர்ந்தது. 1880-இல் ‘நேச்சர்’ இதழில் ஃபால்ட்ஸ் எழுத, அடுத்த மாதமே ஹெர்ஷல் ‘நான் இந்தியாவில் எப்போதோ ஆரம்பித்துவிட்டேன்’ என்று பதில் எழுத, இருவருக்கும் வாய்க்காத்தகராறு பல வருஷம் நடந்தது. 1897-இல் கல்கத்தாவில் விரல்ரேகைக்கென்றே அலுவலகம் திறந்தார்கள். ரேகைகளை வகைபிரிக்கும் முறையை வகுத்ததில் அஜீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்களின் பங்கு பெரிது. பெயர் என்னவோ மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்குப் போயிற்று.

தாயாமா முத்திரை எழுத்தறியாதவருக்கு ஒரு செய்தியைக் கொண்டுபோய்க் கொடுத்தது. கைநாட்டு எழுத்தறியாதவரிடமிருந்து ஒன்றை வாங்கிக்கொண்டது. ஆயா வாழ்நாளெல்லாம் இரண்டாவதை மட்டும் பார்த்திருக்கிறது என்று எழுத நினைத்தேன். அது சரியில்லை. ஆயாவே முதல்நாள் சொல்லிவிட்டது: ஓட்டு குத்தறதா?

1951 கணக்கெடுப்பில் இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர். அதே வருஷம் தொடங்கி 1952 வரை முதல் பொதுத்தேர்தல் நடந்தது. வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டிமேல் ஒரு சின்னம். சீட்டை அந்தப் பெட்டியில் போட்டால் போதும். பிறகு 1960-களில் ஒரே சீட்டில் எல்லாச் சின்னத்தையும் அச்சிட்டு, ஸ்வஸ்திகம் போலத் தோன்றும் ஒரு ரப்பர் முத்திரையைக் கையில் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் இன்றைக்கும் ‘ஓட்டு போடு’ என்பதோடு ‘ஓட்டு குத்து’ என்றும் சொல்கிறோமே, அந்தக் குத்து இதுதான். 2004-இல் மக்களவைத் தேர்தல் நாடு முழுக்க எந்திரத்துக்கு மாறிவிட்டது. ஆனால் 2019 டிசம்பரில் எங்கள் ஊரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் சீட்டும் முத்திரையும்தான். ஆயா குத்திவிட்டு வந்து, மை சரியாக விழுந்ததா என்று இரண்டு நாள் கவலைப்பட்டுச்சு. ஆயா முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் மையைத் தொட்ட இடம் அது ஒன்றுதான்.

அதனால் கைக்கட்டு அவிழ்ப்பதற்கு முன்னாலேயே ரப்பரை எடுத்தேன். காலை மாத்திரைக்கு ஒரு முத்திரை, ராத்திரி மாத்திரைக்கு ஒன்று. உறைமேல் பெரிதாகக் குத்திவிடலாம். காலைக்கு என்ன படம்? மலைக்கு நடுவே சூரியன் எழும்புகிற மாதிரி அழகாகச் செதுக்கிக்கொண்டுபோய்க் காட்டினேன்.

“இது கட்சி சின்னமில்ல?” என்று ஆயா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டுச்சு. “எங்க ஊட்டு மாத்திர டப்பாவுல இது எதுக்கு? வர்றவங்க போறவங்க பாத்தா என்ன நெனப்பாங்க?”

சரியென்று சேவல் செதுக்கினேன். விடியக் கூவுகிற சேவல். இதில் யாருக்கு என்ன தகராறு வரப்போகிறது?

“சேவலும்தான் ஒருக்கா நின்னுச்சு.”

எனக்கு விளங்கவில்லை. அப்பாவிடம் கேட்டேன். அவர் சிரித்து முடிக்க இரண்டு நிமிஷமானது. எம்.ஜி.ஆர். இறந்தபிறகு கட்சி இரண்டாக உடைந்து, 1989 சட்டமன்றத் தேர்தலில் ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. நான் பிறப்பதற்குப் பத்து வருஷம் முந்திய தேர்தல். எழுத்து படிக்கத் தெரிந்த எனக்கு அது தெரியவில்லை. ஆயா ஒரே பார்வையில் படித்துவிட்டுச்சு.

கடைசியில் ஆயாவே சொன்னதுதான்: காலைக்கு டீ டம்ளர், ராத்திரிக்குக் கயிற்றுக் கட்டில். “டீ குடிக்கறப்ப ஒண்ணு, படுக்கறப்ப ஒண்ணு. இதுக்கா இத்தன பாடு?” ரப்பர் ஒன்று எட்டு ரூபாய். அதற்குப்பிறகு இதுவரை மாத்திரை மாறவில்லை.

இந்த வெற்றியில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது. தாயாமா மாதிரியே பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரு படக் காலண்டர் செய்கிறேன் பேர்வழி என்று உட்கார்ந்தேன். ஸென்பாச்சியின் விடுகதை முறை தமிழுக்கு அல்வா மாதிரி பொருந்தும் என்று தோன்றியது. ஆடி என்றால் கண்ணாடி. தை என்றால் தைக்கிற ஊசி. ஆனிக்கு ஆணி. மார்கழிக்குக் கழி. வைகாசிக்குக் காசு வைக்கிற கை. ஐப்பசிக்கு ஐந்து விரலும் ஒட்டிய வயிறும்: ஐ, பசி. ராத்திரி முழுக்கச் செதுக்கினேன். இதைவிடப் புத்திசாலித்தனமாக யாரும் யோசிக்க முடியாது என்று எனக்கே என்மேல் ஒரு மரியாதை.

காலையில் ஆயா முன்னால் பரப்பினேன். ஊசியைப் பார்த்ததும் ஆயா பிடித்துக்கொண்டுச்சு. “தைக்கறது… தை.” நான் குதித்தேன். ஆணிக்கும் சிரித்துச்சு. அவ்வளவுதான். கண்ணாடியைக் காட்டி “ஆடி” என்றேன். “கண்ணாடிக்கு எவ ஆடின்னு சொன்னா?” யாரும் சொல்லவில்லை. அகராதி சொன்னது. ஐந்து விரலையும் வயிற்றையும் காட்டி, “ஐ… பசி” என்றேன். ஆயா என் முகத்தைப் பார்த்துச்சு. “பசிக்குதா? சோறு போட்டுக்கிறதுதானே?” பிறகுதான் உறைத்தது. ஆயா வாயில் அது ஐப்பசி இல்லை. அப்பிசி.

நான் தாயாமாவைத் தப்பாகப் படித்திருக்கிறேன். அந்தத் திருடன் படம் வேலை செய்தது, ஊர்க்காரர் ‘சுமை பறிக்கிறான்’ என்பதை அதே சத்தத்தில் தினமும் சொல்கிறவர் என்பதால். ஸென்பாச்சி அகராதியைப் பார்க்கவில்லை. தெருவில் நின்று கேட்டிருக்கிறார். நான் சங்கத் தமிழைக் கொண்டுவந்து எழுத்தறியாத ஒருத்தரிடம் விடுகதை போட்டேன். எழுத்தை எடுத்துவிட்டுப் படத்தை வைத்தாலும், அந்தப் படத்துக்குள்ளே என் பள்ளிக்கூடம்தான் உட்கார்ந்திருந்தது.

மறுபடி ஆரம்பித்தோம். இந்தத் தடவை ஆயா சொல்லச்சொல்ல நான் செதுக்கினேன். ஆடிக்கு என்ன என்று கேட்டால் யோசிக்கவே இல்லை: “ஒகேனக்கல் போறது.” ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கலில் கூடுகிற கூட்டத்தில் ஆயா சிறுவயதில் தொலைந்துபோய்க் கிடைத்த கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். பரிசல் செதுக்கினேன். வட்டம், துடுப்பு, கீழே இரண்டு அலை. ஆவணிக்குப் பிள்ளையார். “பெரட்டாசிக்கு நாமம், வேற என்ன.” கார்த்திகைக்கு அகல். மார்கழிக்குச் சாணி உருண்டைமேல் பூசணிப்பூ. தைக்கு ஊசி இருக்கட்டும் என்று நான் கெஞ்சிப் பார்த்தேன். எருதுதான் வேண்டுமாம், கொம்பில் துணி கட்டிய எருது. மாசிக்கு மயானக் கொள்ளை. அங்காளம்மன் முகத்தை ரப்பரில் செதுக்குவது சுலபமில்லை. நாக்கு மட்டும் மூன்று தடவை பிய்ந்து போயிற்று. “அவ மொகத்த அழி ரப்பர்ல செய்யாத, ஆவாது” என்று ஆயா வேறு பயமுறுத்தியதால், புளியங்காய் ஒரு கொத்து செதுக்கினேன். மாசியில் புளி உலுக்குவார்கள். பங்குனிக்கு நான் புங்கம்பூ என்றேன். ஆயா வேப்பம்பூ என்றது. வேப்பம்பூதான் நின்றது. சித்திரைக்கு மாம்பழம். வைகாசிக்கு ஆயா நெடுநேரம் யோசித்து, “உழவு” என்றது. ஏர் செதுக்கினேன். எங்கள் பக்கம் ஏர் போய் டிராக்டர் வந்து எத்தனையோ வருஷமாயிற்று என்று நான் சொல்லவில்லை. ஆனிக்கு ஆணியே தப்பித்தது. அது ஒன்றுதான் என்னுடையது.

1873-இல் ஜப்பான் தன் பழைய காலண்டரை ஒரே நாளில் தூக்கிப்போட்டு ஆங்கிலக் காலண்டருக்கு மாறியது. பழைய கணக்கில் அந்த வருஷத்துக்குப் பதின்மூன்று மாதம் வந்தது. அரசு ஊழியர்களுக்கு ஒரு மாதச் சம்பளம் மிச்சம் பிடிக்கலாம் என்பதும் அதற்கு ஒரு காரணம். விளைவு, நட்சத்திரம் பார்க்கிற தனபாதா திருவிழா ஜூலை 7-இல், சரியாக மழைக்காலத்தில் வந்து விழுந்தது. வானமே தெரியாது. சென்தாய் நகரத்தில் அதை ஆகஸ்டுக்குத் தள்ளிவைத்துக் கொண்டாடுகிறார்கள். இதை ஆயாவிடம் சொன்னேன். “மேகமூட்டத்துல நட்சத்திரம் பாக்கச் சொன்னா எவன் பாப்பான்” என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த ஒரு கட்டத்தைக் காட்டுச்சு. “அப்பிசிக்கு என்ன போட்ட?”

ஒன்றும் போடவில்லை. அடைமழையை எப்படிச் செதுக்குவது என்று தெரியாமல் விட்டிருந்தேன். ஆயா என் முத்திரை டப்பாவைக் கட்டில்மேல் கொட்டி, நல்ல கையால் துழாவிச்சு. முயல், நிலா, மின்மினி, மேப்பிள் இலை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு ஒன்றை எடுத்து நீட்டுச்சு. சாகுரா.

“ஆடியில போட்ட பருத்தி அப்பிசியிலதான் பூத்து நிக்கும். இதான் இருக்குதே, குத்து.”

குத்தப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டுச்சு. கண்ணருகே கொண்டுபோய் இதழ் நுனியைத் தடவிப் பார்த்துச்சு. சாகுரா இதழின் நுனியில் சின்னதாக ஒரு பிளவு இருக்கும். முப்பத்திரண்டிலும் அதை நான் பார்த்துப் பார்த்துச் செதுக்கியிருந்தேன். அதுதான் சாகுராவுக்கு அடையாளம்.

“பருத்திக்கு இந்த வெட்டு இருக்காது பாப்பா.”

கட்டரை எடுத்தேன். பிளவின் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்த முனைகளைச் சீவி, ஐந்து இதழையும் ஒவ்வொன்றாக உருட்டிக் கொடுத்தேன். ஆயா ஸ்டாம்ப் பேடைத் திறந்து தயாராக வைத்துக்கொண்டுச்சு.